கொத்தனார் நின்ற பக்கம்

எட்டிப் பார்க்க வேண்டாம் அக்கா. கேட்டிருந்தால் நானே காட்டியிருப்பேன். இந்தாருங்கள், லேப்டாப்பைத் திருப்பி வைக்கிறேன். மடியில் இருக்கிற மிக்ஸியைக் கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்த்தினீர்கள் என்றால் இரண்டு பேருக்குமே தெரியும். ரிப்பேருக்குக் கொடுத்து வாங்கிப் போகிறீர்களா? கடையிலேயே போட்டுப் பார்த்தீர்கள்தானே? பார்க்கவில்லையா? சரியாகிவிட்டது என்று அவர் சொன்னார், நீங்களும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டீர்கள். எப்படி அக்கா ஒரு மனுஷரை இப்படி நம்புகிறீர்கள்?

சரி, அது உங்கள் மிக்ஸி.

இது சினிமா இல்லை. விளையாட்டு. சின்னப்பிள்ளைகள் விளையாடுவதும் இல்லை. நான் எங்கே இறங்குகிறேனா? ஏன் கேட்கிறீர்கள்? சும்மாவா. சரி, சும்மா என்றால் சொல்லலாம். பாவூர்சத்திரம். கூட்டாளி வீட்டில் அவள் அக்காவுக்கு வளைகாப்பு. வளைகாப்புக்குப் போகிறவள் லேப்டாப்பை எதற்குத் தூக்கிக்கொண்டு போகிறாள் என்றுதானே பார்க்கிறீர்கள்? இது சாட்சி, அக்கா. நான் யுனிவர்சிட்டியில் குற்றவியல் படிக்கிறேன். முதுகலை, முதல் வருஷம் முடியப்போகிறது. என் பெயர் பியூலா. கூட்டாளி பெயர் இசக்கி. ஹாஸ்டலில் ஒரே அறை. இசக்கி என்னை உயிரோடு வைத்துச் சுவர் எழுப்பிவிட்டாள். அதைக் கேட்கத்தான் போகிறேன்.

பதறாதீர்கள். விளையாட்டில்தான். ஆனால் விளையாட்டில்தானே என்று சொல்லாதீர்கள், எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். மனசில் இல்லாதது கையில் வருமா?

முதலில் இருந்து சொல்கிறேன். சித்திரக்குள்ளர்கள் ஏழு பேர் ஒரு மலைக்கு வந்து சேருவார்கள். மலையைக் குடைந்து ஊர் உண்டாக்க வேண்டும். ஊர் வளர வளர இன்னும் குள்ளர்கள் வந்து சேருவார்கள். நாம் சாமி மாதிரி மேலே இருந்து உத்தரவு போடலாம்: இங்கே தோண்டு, அங்கே கட்டு, இந்த மூலையில் கள் காய்ச்சு. அவர்கள் தண்ணீர் குடிக்க மாட்டார்கள் அக்கா, கள்தான். உத்தரவு போடலாமே தவிர கையைப் பிடித்துச் செய்ய வைக்க முடியாது. தோன்றும்போது செய்வார்கள், தோன்றுகிற மாதிரி செய்வார்கள். அவர்களுக்குக் கோபம் வரும், அழுகை வரும், தன் கட்டில் என்று ஒன்றைக் கொடுத்துவிட்டால் அதை விட்டு வேறு கட்டிலில் படுக்க மாட்டார்கள். நம்மைப் போலத்தான். என் பாட்டுக்கு நான் பேசிக்கொண்டே போகிறேன், புரிகிறதா? சரி.

நாங்கள் நான்கு பேர். நானும் இசக்கியும், கணக்குத் துறை நாகூர் கனி, கம்ப்யூட்டர் துறை ரஸல். கனி மேலப்பாளையம், ரஸல் தூத்துக்குடி. நான்கு பேருக்கும் சேர்த்து ஊர் ஒன்றுதான். அதுதான் எங்கள் வழக்கம். விளையாட்டுக் கணக்கில் ஆளுக்கு ஒரு வருஷம் ஆளுவோம். வருஷம் முடிந்ததும் ஊரை அடுத்த ஆளிடம் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைப்பு வெள்ளிக்கிழமை சாயங்காலம், கேட்டுக்கு எதிரே இருக்கிற டீக்கடையில். அன்றைக்கு ஆண்ட ஆள் வாயால் சொல்ல வேண்டும்: என்ன கட்டினேன், என்ன இடிந்தது, யார் செத்தார், எப்படிச் செத்தார். கெட்டது நடந்திருந்தால் கதை இன்னும் நன்றாக இருக்கும்.

கனிதான் நன்றாகச் சொல்வான். அவன் வருஷத்தில் ஒரு குள்ளனுக்குக் கிறுக்குப் பிடித்துப் பட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். எலும்பு கேட்டானாம், சிப்பி கேட்டானாம், கொடுக்காவிட்டால் சாப்பிட மாட்டேன் என்றானாம். மூன்று மாசம் ஊரே தேடி அலைந்து கொடுத்தால், அவன் ஒரு முக்காலி செய்துகொண்டு வெளியே வந்தான். ஊர் முழுவதையும் விற்றாலும் ஈடாகாத முக்காலி. அதில் ஒரு படம் செதுக்கியிருந்தான். என்ன படம் தெரியுமா? அதே முக்காலியின் படம். "முக்காலியில முக்காலி, அந்த முக்காலியிலயும் ஒரு முக்காலி" என்று கனி சொன்னபோது டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

ரஸல் வருஷத்தில் அரக்கர் படை வந்தது. வாசலை அடைத்துச் சுவர் கட்டு என்று அவசரமாக உத்தரவு போட்டிருக்கிறான். கொத்தனார்கள் ஓடினார்கள், மளமளவென்று கட்டி முடித்தார்கள். பிறகு பார்த்தால் கொத்தனார் அத்தனை பேரும் சுவருக்கு வெளியே, அரக்கர்களோடு நிற்கிறார்கள். அது ஒரு பெரிய பைத்தியக்காரத்தனம் அக்கா, இந்த விளையாட்டில் சுவர் எங்கே என்றுதான் நாம் சொல்ல முடியும். கொத்தனார் எந்தப் பக்கம் நின்று கட்டுவது என்பது அவர் இஷ்டம். உள்ளே நிற்க வேண்டியவர் வெளியே நிற்பார், வெளியே நிற்க வேண்டியவர் உள்ளே மாட்டிக்கொள்வார். "மக்கா, வேலய முடிச்சிட்டுத் திரும்பிப் பாக்கானுவ, வீட்ட காணும்" என்றான் ரஸல். எனக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறி, இசக்கிதான் தலையில் தட்டினாள்.

அப்போதெல்லாம் தட்டுவாள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. முதலில் வந்த ஏழு குள்ளரில் நான்கு பேருக்கு எங்கள் பெயர். இசக்கியின் அப்பா கொத்தனார், அதனால் அவள் கொத்தனார் குள்ளியை எடுத்துக்கொண்டாள். நான் இருப்பதில் உயரமான ஒருத்தியை எடுத்தேன். ஆமாம், நானே எடுத்ததுதான். ஆனால் அப்போது அவள் குணத்தைப் படிக்கவில்லை. ஒவ்வொருத்தருக்கும் குணம் என்று நான்கு வரி எழுதியிருக்கும். பியூலாவுக்கு என்ன எழுதியிருந்தது தெரியுமா? 'எளிதில் சினம் கொள்வாள். வாதம் செய்வதில் இன்பம் காண்பாள். நட்பைச் சந்தேகிப்பாள். பூனைகளை விரும்புவாள்.' இது யார் எழுதியது? விளையாட்டே தற்செயலாக எழுதும் என்கிறார்கள். எனக்குப் பூனை பிடிக்கும் என்பது தற்செயலாக எப்படித் தெரியும்?

இப்போது இசக்கியின் வருஷத்துக்கு வருகிறேன்.

இசக்கி அதிகம் பேச மாட்டாள். அதுவே எனக்கு ஆரம்பத்திலிருந்து இடித்தது. நான் மெஸ்ஸில் யாரோடாவது பேசிக்கொண்டிருந்து நேரமாகிவிட்டால் எனக்கும் சேர்த்துச் சாப்பாடு வாங்கி, அறையில் தட்டு போட்டு மூடி வைத்திருப்பாள். எதற்கு மூட வேண்டும்? ஈ மொய்க்கும் என்பாள். தூக்கத்தில் நான் பேசுவேனாம். வழக்கு நடத்துவேனாம். அவள் தன் கட்டிலில் படுத்தபடியே "சரிட்டி, ஒத்துக்கிட்டேன், தூங்கு" என்று சொன்னால் அடங்கிவிடுவேன் என்கிறாள். என்னத்தை ஒத்துக்கொண்டாள்? கேட்டால் சிரிப்பாள். நீங்களும் சிரிக்கிறீர்கள்.

அவள் ஒப்படைத்த வெள்ளிக்கிழமை நன்றாக நினைவிருக்கிறது. அவள் வருஷத்தில் ஊருக்குத் தலைவர் என்று ஒரு குள்ளனைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். நம்ம பியூலா, குள்ளி பியூலாவைச் சொல்கிறேன், சாப்பாட்டுக் கூடத்தில் அந்தத் தலைவரோடு வாக்குவாதம் பண்ணி, அவர் நாற்காலியை உடைத்துவிட்டாள். அதற்குத் தண்டனை விதித்துவிட்டார்கள். சுத்தியல் அடி. அந்த ஊரில் அதற்கென்றே ஒரு சுத்தியல்காரர் இருக்கிறார். அவரிடம் அடி வாங்கி எழுந்தவர் யாருமில்லை. இதை இசக்கி சொன்னதும் நான் எழுந்துவிட்டேன். அந்தத் தலைவர் தேர்வே செல்லாது அக்கா. மொத்த ஊரும் ஓட்டுப் போட்டதா? குடிபோதையில் நடந்த தேர்தல் தேர்தலா? தேர்தலே செல்லாது என்றால் தண்டனை எப்படிச் செல்லும்? நான் சட்டப்படி ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன்.

நடுவில் இசக்கி, "பியூலா, அதெல்லாம் சரி, நீ தொறந்ததும் மொத வேலையா அந்தச் சொவர…" என்று ஏதோ ஆரம்பித்தாள். "பேசி முடிச்சிக்கிடுதேன், இரு" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த மதகுக் கைப்பிடி ஒண்ணு இருக்கு, அது வந்து…" என்றாள். நான் அப்போது அதைவிட முக்கியமான ஒன்றைப் பேசிக்கொண்டிருந்தேன். கடையடைக்கிற நேரம் வந்துவிட்டது. கனி, "தாயே, தலைவர் தேர்தல அடுத்த வாரம் ரத்து பண்ணிக்கிடலாம், இப்ப பஸ்ஸ விட்டா நான் நடக்கணும்" என்றான். கலைந்தோம். சொல்ல வேண்டியது இருந்தால் அறையில் வந்து சொல்லியிருக்கலாமே? வந்து படுத்ததும் தூங்கிவிட்டாள். நான்தான் விளக்கை அணைக்காமல் இன்னும் கொஞ்சம் பேசிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் என் வருஷத்தைத் திறக்கிறேன். எடுத்த எடுப்பில் யாரைத் தேடுவோம்? நம்மைத்தான். சாப்பாட்டுக் கூடத்தில் பியூலா இல்லை. பட்டறையில் இல்லை. களஞ்சியத்தில் இல்லை. செத்துப்போய்விட்டாளா என்று பார்த்தால் செத்தவர் பெயர்களிலும் இல்லை. தேடித் தேடி, மலைக்கு அடியில், யாருமே போகாத ஒரு கோடியில் கண்டுபிடித்தேன். இதோ பாருங்கள், இதுதான். நான்கு பக்கமும் கல். கதவு இல்லை. ஜன்னல் இல்லை. உள்ளே பியூலா. அவள் காலடியில் ஒரு பூனை.

உடனே விளையாட்டை நிறுத்தி வைத்துவிட்டேன் அக்கா.

என்ன கேட்கிறீர்கள்? சாப்பாடு? இருந்தது. கள் பீப்பாய் ஒரு வரிசை. காளான் பொரியல், கூடை கூடையாக. அந்தக் குள்ளிக்கு அதுதான் இஷ்டம் என்று குணத்துக்குக் கீழே தனியாக எழுதியிருக்கும். ஊரில் மற்றவர்கள் கஞ்சி குடித்துக்கொண்டிருக்க, பொரியல் அத்தனையும் இந்த அறையில். நல்ல விஷயம்தானே என்பீர்கள். எலிப்பொறியில் என்ன அக்கா வைப்பார்கள்? மசால்வடை. எலிக்கு அது பிடிக்கும் என்பதால் வைக்கிறவர் நல்லவர் ஆகிவிடுவாரா?

சுத்தியல்காரரிடமிருந்து ஒளித்து வைத்திருப்பாள் என்கிறீர்களா. ரஸலும் இதையேதான் சொன்னான். நீங்கள் பேசிவைத்துக்கொண்டு வரவில்லையே? இல்லை, சும்மா கேட்டேன். ஒளித்து வைப்பதற்கும் அடைத்து வைப்பதற்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான்: கதவு யார் கையில் இருக்கிறது. இங்கே கதவே இல்லை. காப்பாற்றுவது என்றால் என்னைக் கேட்டுவிட்டுக் காப்பாற்ற வேண்டும். நான் அந்தத் தலைவரிடம் மேல்முறையீடு செய்திருப்பேன். தோற்றிருப்பேன் என்றாலும் அது என் தோல்வி. இதில் நான் சொல்வது தவறா? இல்லையே. அதைச் சொல்லுங்கள் முதலில்.

உடனே சுவரை இடித்து வெளியே விட்டிருக்கலாம்தான். ஆனால் நான் குற்றவியல் படிக்கிறவள். சம்பவ இடத்தைக் கலைக்கக் கூடாது. அப்படியே இருக்கட்டும், சாட்சி வேண்டும் என்று விட்டுவிட்டேன். மாறாகக் கண்காணிக்க ஆரம்பித்தேன். யாரை? இசக்கிக் குள்ளியை. அந்தச் சுவரைக் கட்டியது அவள்தான், கல்லில் அவள் பெயர் இருக்கிறது. வருஷம் முழுக்க அவள் என்ன செய்தாள் தெரியுமா? பகலெல்லாம் வேலை செய்வாள். வேலை முடிந்ததும் எங்கே இருந்தாலும் இறங்கி இறங்கி மலைக்கு அடியில் வருவாள். இந்தச் சுவருக்கு வெளியே, தரையில், கல்லோடு ஒட்டிப் படுத்துக்கொள்வாள். தினமும். காவல் அக்கா. கைதிக்குக் காவல். குற்றம் செய்தவன் அந்த இடத்துக்கே திரும்பி வருவான் என்று முதல் செமஸ்டரிலேயே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

அந்த ஆத்திரத்தில் இசக்கி செய்து வைத்த எல்லாவற்றையும் சோதித்தேன். அந்த ஊரில் மதகு, பாலம் எல்லாவற்றுக்கும் சுவரில் கைப்பிடி உண்டு. இழுத்தால் எங்கேயோ ஒன்று திறக்கும், எங்கேயோ ஒன்று மூடும். எது எதைத் திறக்கும் என்று பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும். எங்களுக்குள் அது மரியாதை. இசக்கி எழுதியிருந்தாள். 'வயல் மதகு' என்று எழுதியதை இழுத்தேன், வயலுக்குத் தண்ணீர் பாய்ந்தது. 'வாசல் பாலம்' என்றதை இழுத்தேன், பாலம் தூக்கிக்கொண்டது. எல்லாமே சரியாக இருந்தது. அதுதான் எனக்கு மேலும் சந்தேகம். தப்புச் செய்கிறவள்தான் மற்ற எல்லாவற்றையும் ஒழுங்காக வைப்பாள்.

கடைசியாக ஒன்று. தனியாக, இருட்டு மூலையில். அதன் பக்கத்தில் 'இழுக்காதே' என்று எழுதியிருந்தது.

நீங்களே சொல்லுங்கள். குற்றமில்லாத யாராவது 'இழுக்காதே' என்று எழுதுவார்களா? ஏன் என்று எழுத வேண்டாமா? காரணம் சொல்லாத உத்தரவுக்குக் கீழ்ப்படிகிறவளா நான்? இதற்குப் பின்னால் எதையோ மறைக்கிறாள் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. ஒருவேளை பியூலாவின் அறைக்கு ரகசிய வழி இருக்கலாம். இழுத்தேன்.

ஆறு உள்ளே வந்துவிட்டது.

மலைக்கு மேலே ஓடுகிற ஆறு. மறுபடியும் அரக்கர் படை வந்தால் கடைசிக் கட்டத்தில் வாசலோடு அவர்களையும் அடித்துக்கொண்டு போவதற்காக இசக்கி கட்டி வைத்திருந்த மதகாம் அது. நான் இழுத்தது ஊர் முழுக்கச் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்த நேரம். கள் பீப்பாய் மிதந்தது. தலைவர் மிதந்தார். சுத்தியல்காரர் சுத்தியலோடு மிதந்தார். கனி மிதந்தான், ரஸல் மிதந்தான். விலைமதிப்பில்லாத முக்காலி மிதந்தது. இசக்கிக் குள்ளி அப்போது தூங்கிக்கொண்டிருந்தாள், இந்தச் சுவரோரம். எழுந்திருக்கவே இல்லை. தண்ணீர் இவ்வளவு வந்தும் ஒரு சொட்டு உள்ளே போகாத ஒரே இடம் இந்த அறை. ஊரிலேயே உயிரோடு இருப்பது பியூலாவும் அவள் பூனையும்தான்.

அதிர்ஷ்டம் என்கிறீர்களா? கொஞ்சம் யோசியுங்கள். நூறு பேர் ஊரில் ஒருத்தி மட்டும் பிழைத்தால் போலீஸ் யாரைப் பிடிக்கும்? அந்த ஒருத்தியைத்தான். பழி யார் மேல் விழ வேண்டும் என்று யாரோ திட்டம் போட்டிருக்கிறார்கள். அதற்காகத்தான் என்னைச் சாகவிடவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. என் ஒப்படைப்பு. நான் கதை சொல்லவில்லை, குற்றப்பத்திரிகை வாசித்தேன். ஒவ்வொரு குற்றமாக எழுந்து நின்று சொன்னேன். 'இழுக்காதே' கட்டம் வந்ததும் கனி பெஞ்சிலிருந்து கீழே விழுந்துவிட்டான். ரஸல் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மக்கா, இழுக்காதன்னு எழுதியிருந்தத வாசிச்சிட்டுத்தான் இழுத்தியா, வாசிக்காம இழுத்தியா, அத மட்டும் சொல்லு" என்றான். "வாசித்ததால்தான் இழுத்தேன்" என்றேன். டீக்கடைக்காரர், "இனி இதுக்கு மேல ஒரு கதை எவன் சொல்லப் போறான்" என்று எனக்குக் காசு வாங்காமல் ஒரு டீ கொடுத்தார். அதையும் நான் குடிக்கவில்லை. ஏன் கொடுக்கிறார்?

இசக்கியும் முதலில் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். நான் அவள் பக்கம் திரும்பினேன்.

"சுவர் கட்டியது யார்?"

"என் குள்ளிதான்."

"கட்டச் சொன்னது யார்?"

"நாந்தாம்ட்டி."

"என்னை உள்ளே வைத்துத்தானே?"

"ஆமா, ஒன்ன வச்சித்தான். ஆனா அது எப்பிடின்னா…"

"ஆமா இல்லை மட்டும் சொல்லு. கட்டி முடித்தபோது உன் குள்ளி எங்கே நின்றாள்?"

அவள் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "வெளிய நின்னுட்டா" என்றாள்.

"அவ்வளவுதான். நீ வெளியே, நான் உள்ளே. என்னோடு ஒரே அறையில் இருக்க உனக்குப் பிடிக்கவில்லை என்றால் நேராகச் சொல்லியிருக்கலாம்" என்றேன்.

கனி, "ஏ, விளையாட்டுத்தான தாயே" என்றான். இசக்கி அவனைக் கையமர்த்தினாள். என்னைப் பார்த்து, "உள்ள நல்லாப் பாத்தியாட்டி?" என்று கேட்டாள். பார்த்தேன், பூனை இருந்தது என்றேன். பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். விடிந்ததும் வளைகாப்பு வேலை இருக்கிறது என்று ஊருக்குக் கிளம்பிவிட்டாள். வளைகாப்புக்கு இன்னும் ஒரு வாரம் கிடந்தது அப்போது. அதற்குள் என்ன வேலை?

நான் ஏன் இவ்வளவு தூரம் போகிறேன் என்றால், வரும் திங்கட்கிழமை அடுத்த வருஷத்துக்கு யார் யாரோடு தங்குவது என்று இரண்டு பேருமாகப் போய் வார்டனிடம் சொல்ல வேண்டும். தனியாகப் போனால் வார்டன் யாரையாவது சேர்த்துவிடுவார். இசக்கி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வேறு ஆள் இல்லையா என்கிறீர்களா? ஏன் இல்லாமல். எத்தனையோ பேர் இருக்கிறார்கள். யாரும் கேட்கவில்லை, அது வேறு. நான் தூக்கத்தில் பேசுகிறவள் அக்கா. ஒத்துக்கொள்கிறேன் என்று சொல்ல ஆள் இல்லாவிட்டால் விடிய விடியப் பேசுவேனோ என்னவோ.

அவள் அம்மா வேறு போன் பண்ணினார்கள். "வந்துரு மக்கா, ஒனக்குன்னு தனியாப் புளியோதரை எடுத்து வைக்கேன், எந்த பஸ்ஸுக்கு வருவ?" என்று. நான் நேரத்தைச் சொன்னேன். பிறகுதான் உறைத்தது. அவர்கள் வீட்டு உப்பைத் தின்றுவிட்டால் அப்புறம் நான் என்ன கேள்வி கேட்க முடியும்? அதனால் முதலில் கேள்வி, அப்புறம்தான் இலையில் உட்காருவது என்று முடிவு செய்துவிட்டேன். கேள்விகள் எல்லாம் வரிசையாக மனப்பாடம்.

அத்தியூத்து தாண்டிவிட்டோமா? அடுத்தது நான் இறங்குகிற இடம்.

எதைக் காட்டுகிறீர்கள்? இதுவா? இது கட்டில். பியூலாவின் கட்டில்.

இதுவும் கட்டில்தான்.

ஆமாம், இரண்டு இருக்கிறது. ஒன்று பூனைக்கு இருக்கும்.

அப்படிப் பார்க்காதீர்கள் அக்கா. பூனை கட்டிலில் படுக்காதா என்ன. சரி, இந்த விளையாட்டில் படுக்காது. தரையில்தான் படுக்கும். நாற்காலியும் இரண்டு இருக்கிறது, நீங்கள் சொல்லித்தான் பார்க்கிறேன். மேஜைக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று.

என்ன கேட்டீர்கள்? அந்தக் கொத்தனார்ப் பிள்ளைக்கு வெளியே கட்டில் இல்லையா?

இல்லை. இருந்திருந்தால் ஏன் தினமும் தரையில் படுக்கப் போகிறாள். ஊரில் காலிக் கட்டில் எவ்வளவோ கிடந்தது. தனக்கென்று ஒரு கட்டில் இருந்தால் மற்றதில் படுக்க மாட்டார்கள் என்று நான்தான் சொன்னேனே. அது எட்டாவிட்டால் அதற்கு எவ்வளவு பக்கத்தில் போக முடியுமோ அவ்வளவு பக்கத்தில் போய்…

கொஞ்சம் இருங்கள்.

ரஸலின் கொத்தனார்கள் வேலையை முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்களே.

இல்லை அக்கா, நீங்கள் அவசரப்படுகிறீர்கள். இதை மட்டும் வைத்து ஒரு முடிவுக்கு வரக் கூடாது. கொத்தனார் மகள் தவறான பக்கம் நிற்பாளா என்று ஒரு கேள்வி இருக்கிறது. சொல்லியிருக்கலாமே என்று ஒரு கேள்வி இருக்கிறது. சொல்ல வந்தாள்தான். இரண்டு தடவை வந்தாள். மூன்றாவது தடவை ஏன் வரவில்லை என்றும் கேட்க வேண்டும். கேட்காமல் விட மாட்டேன். என்னைக் கேட்காமல் உள்ளே வைத்தது தப்பு என்பதிலும் மாற்றமில்லை. அதை எங்கே வேண்டுமானாலும் வாதாடுவேன். ஆனால் அவள் தனக்கும் சேர்த்துத்தான் சுவர் கட்டினாள் என்றால், அது வேறு பிரிவில் வருகிற வழக்கு. வரிசையை மாற்ற வேண்டும். மனப்பாடம் பண்ணியது எல்லாம் கலைந்துபோய்விட்டது, போங்கள்.

சத்திரம் வந்துவிட்டது. கண்டக்டர், ஒரு ஆள் இறங்கணும். லேப்டாப்பை மூடிக்கொள்கிறேன். பூனை பத்திரம்.

அதோ, அங்கே பாருங்கள் அக்கா, மஞ்சள் சுடிதார். அதுதான் இசக்கி. நான் எந்த பஸ்ஸில் வருகிறேன் என்று இவளுக்கு யார் சொன்னது? அவள் அம்மாவிடம்தானே சொன்னேன். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ, முகமெல்லாம் வேர்த்திருக்கிறது. எங்கே நிற்கிறாள் பாருங்கள். ரோட்டுக்கு அந்தப் பக்கம், தென்காசியில் இருந்து வருகிற பஸ் நிற்கிற இடத்தில். திருநெல்வேலியில் இருந்து வருகிறவளை அங்கே நின்று எப்படிப் பார்ப்பாளாம்? வருகிற ஒவ்வொரு பஸ்ஸையும் எட்டி எட்டிப் பார்க்கிறாள். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

கொத்தனார் மகள்.

வழி விடுங்கள் அக்கா, நான் போய்க் கூப்பிடுகிறேன், இல்லாவிட்டால் சாயங்காலம் வரைக்கும் அங்கேயே நிற்பாள். மிக்ஸியைப் பிடித்துக்கொள்ளுங்கள், பிரேக் போட்டால் சாயும். வீட்டுக்குப் போனதும் போட்டுப் பாருங்கள்.

ஓடும் அக்கா. ஓடும் என்றுதான் தோன்றுகிறது.